ஏழு பேருக்கு ஒரு வேன்: டவுன்ஏஸ் 402, எட்டு மாதம் ஓட்டிய பிறகு

எங்கள் பழைய டீசல் வேன் கடைசியாக நின்ற இடம் வட்டவளைக்குக் கொஞ்சம் கீழே. 2024 ஜூலை மாதம், நல்ல மழை. கண்டியில் அத்தைக்கு இதயக் கிளினிக் முடித்து, நாவலப்பிட்டியில் பிள்ளைகளுக்குப் பணிஸ் வாங்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தோம். கினிகத்தேனை தாண்டியதும் சூட்டு முள் நடுவை விட்டு ஏறத் தொடங்கியது. ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன், வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். இரண்டு வளைவு தாண்டியதும் சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்தது. எழுபத்திரண்டு வயது அத்தையை மழைக்குள் இறக்கி, ஒரு கடை வாசலில் உட்கார வைத்துவிட்டு, தெரிந்த ஓட்டோக்காரத் தம்பி வரும்வரை இரண்டு மணித்தியாலம் நின்றோம். அன்றைக்கே முடிவெடுத்தேன், இனி இந்த வேனில் அத்தையை ஏற்றுவதில்லை என்று.

மறுநாள் டிக்கோயா கராஜில் மெக்கானிக் அண்ணா எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, உட்பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பால் தேத்தண்ணி நிறத்தில் ஏதோ மெழுகு மாதிரி அப்பியிருந்தது. அதை விரலால் வழித்து, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். "தண்ணி எண்ணெய்ல கலந்திருச்சு டீச்சர். எஞ்சினோட மேல்பகுதி, ஹெட், வெடிச்சிருக்கு. இது ரெண்டாந்தடவை. நான் செஞ்சு குடுப்பேன், ஆனா வாணாம்னு சொல்றேன்."

அந்த வேனை நான் குறை சொல்ல மாட்டேன். மாமா வாங்கியது, பத்து வருடத்துக்கு மேல் எங்களைச் சுமந்தது. தவறு எங்கள் பக்கம். வழியில் எங்கே பீலித் தண்ணீர் கிடைத்தாலும் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றினோம். கூலன்ட் என்பது கொழும்புக்காரர்கள் ஊற்றுவது என்றே நினைத்திருந்தோம். உள்ளே துருப்பிடித்து, ரேடியேட்டரின் பாதிக் குழாய்கள் அடைத்துப்போயிருந்தன. மூடியின் ரப்பரும் செத்துப்போயிருந்தது. மலையில் அந்த மூடி எவ்வளவு முக்கியம் என்று அண்ணா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1270 மீற்றர் உயரம். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 96 பாகையை ஒட்டியே கொதித்துவிடும், நுவரெலியாவில் இன்னும் முன்னதாக. அழுத்தத்தை மூடி பிடித்து வைத்திருப்பதால்தான் எஞ்சினுக்குள் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. சில நூறு ரூபாய் மூடியை மாற்றாமல் ஒரு எஞ்சினை இழந்தோம்.

எங்கள் தேவையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் தெரிவு புரியும். நான் நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கணவருக்குக் கொழும்பில் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். ஆகவே வேனை ஓட்டுவது பெரும்பாலும் நான்தான். அத்தை, அம்மா, மூன்று பிள்ளைகள், நாங்கள் இருவர் என்று ஏழு பேர். வீடு தோட்டத்துக்குள். மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர், கல் பெயர்ந்த பாதை, நடுவில் ஒரே மூச்சில் திரும்ப வேண்டிய ஒரு கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் கான். மாதம் ஒரு தடவை கண்டி, தவணை விடுமுறைக்குக் கொழும்பு. அழகு வேண்டாம், வேகமும் வேண்டாம். நடுவழியில் நிற்கக் கூடாது. இறக்கத்தில் பிரேக் பிடிக்க வேண்டும். பழுதானால் டிக்கோயாவிலோ ஹட்டனிலோ ஒருவர் கழற்றத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான்.

அது வாகன இறக்குமதி மூடியிருந்த காலம். 2020 மார்ச்சில் நிறுத்தியதை தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். திறந்த பிறகும் வரியைக் கூட்டிப் பார்த்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத விலைதான். ஆகவே ஏற்கெனவே இங்கே பதிவாகி ஓடிய வண்டிகளுக்குள்தான் தேட வேண்டியிருந்தது. விலையை இங்கே எழுதவில்லை. மாதத்துக்கு மாதம் மாறுகிறது, நான் கொடுத்த விலை உங்களுக்கு உதவாது.

எல்லோரும் முதலில் சொன்னது கேடீஎச், அதாவது டொயோட்டா ஹையேஸ் வேன். தம்பி ஒற்றைக்காலில் நின்றான். "அக்கா, எடுத்தா கேடீஎச் எடு, வித்தாலும் காசு." அது உண்மைதான். மலையகத்தில் பள்ளிக்கூட ஓட்டம், கோயில் பயணம், கலியாணம் எல்லாவற்றுக்கும் அதுதான் ஓடுகிறது. உறுதியான வண்டி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் நீளம் ஏறத்தாழ 4.7 மீற்றர். உறவுக்காரர் ஒருவருடையதை வாங்கி வீட்டுக்கு ஓட்டிப் பார்த்தேன். எங்கள் வளைவில் மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்துத்தான் திரும்ப முடிந்தது, பின்சக்கரத்துக்கும் கானுக்கும் இடையில் ஒரு சாண். இரவில், மழையில், அத்தைக்கு மூச்சு வாங்கும் நேரத்தில் அந்த வளைவை நினைத்தேன். வேண்டாம் என்றேன். இன்னொன்று, விற்பனைக்கு வருகிற பல கேடீஎச் வண்டிகள் வாடகைக்கு ஓடி உழைத்தவை. மீட்டரில் காட்டுகிற கிலோமீற்றரை நம்பி வாங்க முடியாது.

பட்டி வேன் என்கிற குட்டி வேனை இரண்டே வரியில் முடிக்கலாம். 660 சீசீ. நான்கு பேருக்கு அருமையான வண்டி, ஏழு பேருக்கு இல்லை.

பிள்ளைகள் ஆசைப்பட்டது வேறு. பொத்தானை அழுத்தினால் கதவு தானே திறக்கும் எட்டு சீட் ஜப்பான் வேன். முன்சக்கர இழுவை, சீவிடி என்கிற படியில்லாத ஓட்டோ கியர். எந்தக் கம்பனி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் எனக்கு நடந்ததற்குக் காரணம் அந்த ஒரு வண்டியின் தேய்மானமாகவும் இருக்கலாம். உள்ளே உட்கார்ந்தால் வீட்டு சோஃபா மாதிரி. தார் ரோட்டில் சத்தமே இல்லை. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு எங்கள் பாதையில் ஏறினேன். வளைவில் எதிரே கொழுந்து லொறி வந்ததால் நிறுத்தி, மேட்டில் மறுபடி எடுத்தபோது முன் டயர் ஈரக் கல்லில் சுற்றியது, வண்டி நகரவில்லை. அதில் அதிசயம் இல்லை. மேட்டில் பாரம் பின்னால் சாய்கிறது, பின்சக்கரம் நிலத்தை அழுத்துகிறது, முன்சக்கரம் லேசாகிறது. இழுக்கிற சக்கரம் முன்னால் இருந்தால் பிடி குறைவு. இரண்டாம் தடவை ஏறும்போது வண்டி தானாகவே வலுவைக் குறைத்துக்கொண்டது. சீவிடிக்குள் இருக்கும் எண்ணெய் அதிகம் சூடானால் கியர் பெட்டியைக் காப்பாற்ற வண்டி அப்படிச் செய்யும் என்று அண்ணா விளக்கினார். கொழும்புப் பக்கம் நுகேகொடையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு விட அது நல்ல வண்டியாக இருக்கும். எங்கள் பாதைக்கு இல்லை.

அப்புறம்தான் டவுன்ஏஸ் 402 பக்கம் திரும்பினோம். டொயோட்டா பெயரில் வந்தாலும் இந்தோனேசியாவில் டைஹட்சு தொழிற்சாலையில் செய்யப்படுவது, ஜப்பானில் 2008 முதல் விற்பனைக்கு வந்தது. 1495 சீசீ பெற்றோல் எஞ்சின், 97 குதிரைவலு. பின்சக்கர இழுவை. டைமிங் பெல்ட் இல்லை, செயின். பெல்ட் என்றால் குறித்த கிலோமீற்றரில் மாற்ற வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவருக்கு முந்தியவர் மாற்றினாரா இல்லையா என்று தெரியாது. செயின் என்றால் எண்ணெயை ஒழுங்காக மாற்றியிருந்தாலே பெரும்பாலும் போதும். நீளம் நான்கு மீற்றருக்குச் சற்றே அதிகம், கேடீஎச்சை விட அறுபது சென்றிமீற்றருக்கு மேல் குறைவு. அந்த அறுபது சென்றிமீற்றர்தான் எங்கள் வளைவு.

மூன்று வண்டி பார்த்தோம். மூன்றுக்கும் அண்ணாவைக் கூட்டிப்போனேன். அவருடைய அன்றைய சம்பளத்தையும் சாப்பாட்டையும் கொடுத்தேன், இந்தத் தேடலில் நான் செலவழித்த மிக நல்ல காசு அதுதான். அவர் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். விற்பவரிடம் "காலையில் நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லச் சொல்வார். கம்பளையில் முதல் வண்டியைப் பார்க்க ஏழு மணிக்குப் போனோம். அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கதவைத் திறந்து, முன் சீட்டைத் தூக்கி, உள்ளங்கையை எஞ்சின் மேல் வைத்தார். கையை எடுக்கவில்லை, என்னைப் பார்த்தார். எஞ்சின் சூடு. குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது வரும் சத்தத்தையோ புகையையோ எங்களிடமிருந்து மறைக்கத்தான் முன்னதாகவே ஓட விட்டிருக்கிறார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டோம். இரண்டாவது வண்டியில் எஞ்சின் ஆறியிருந்தது. ரேடியேட்டர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். தண்ணீரில் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கட் போன அடையாளம். அதையும் விட்டோம்.

மூன்றாவது பேராதனைக்குப் பக்கத்தில், ஓய்வுபெற்ற ஒருவருடையது. மெனுவல் கியர். அண்ணா கராஜ் பிட்டில் ஏற்றி, அடித்தகட்டில் டோர்ச் பிடித்து, ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு கணீரென்றது, பின் சக்கரத்துக்கு மேலே ஓரிடம் மட்டும் தொப்பென்றது. அந்த ஒரு உள்ளங்கை அளவுத் துருவைக் காட்டி விலையில் குறைத்தோம். பதிவுப் புத்தகம் அவர் பெயரிலேயே இருந்தது, லீசிங் முடித்து நீக்கிய கடிதமும் இருந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன். ஓப்பன் பேப்பரில், அதாவது புத்தகத்தில் பெயர் மாற்றாமலே, கை மாறி மாறி வந்த வண்டியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், தொடாதீர்கள். புத்தகத்தில் இருக்கும் ஆளையே நேரில் பார்த்துப் பணம் கொடுங்கள். எஞ்சின் இலக்கம், சேசி இலக்கம் இரண்டையும் உங்கள் கண்ணால் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

இனி சீட். இந்த வண்டியில் என்னை நித்திரை இழக்க வைத்த விஷயம் இதுதான். 402 ஜப்பானில் சாமான் ஏற்றும் வண்டியாகச் செய்யப்பட்டது, முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒரு வரிசை. கடைசி வரிசை சீட்டை இங்கே வந்த பிறகுதான் அடிக்கிறார்கள். எங்கள் வண்டியிலும் அப்படித்தான். கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தோம். நான்கு போல்ட், ஒவ்வொன்றுக்கும் ரூபாய்க் குற்றி அளவு வாஷர், மெல்லிய தரைத்தகட்டில் நேராக முடுக்கியிருந்தது. பெல்ட் கிடையாது. அண்ணா கையால் ஆட்டிக் காட்டினார், தகடு வளைந்து கொடுத்தது. ஒரு மோதலில் அந்த சீட் பிள்ளைகளோடு சேர்ந்து முன்னால் வரும்.

2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல பாதையில் பஸ் ஒன்று வேனோடும் ஓட்டோவோடும் மோதி ஏழு பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பெல்ட் இல்லாத சீட்டில் பிள்ளையை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே கடைசி சீட்டை முழுக்கக் கழற்றி, கண்டியில் ஒரு வெல்டிங் பட்டறையில் மறுபடி செய்தோம். தரைக்குக் கீழே குறுக்குச் சட்டத்தோடு சேர்த்துத் தடித்த இரும்புத் தகடு, அதில் உயர்தர போல்ட், மூன்று பேருக்கும் பெல்ட். இரண்டு நாள் வேலை, கையைக் கடிக்கிற செலவு. தொழிற்சாலையில் பூட்டிய சீட்டுக்கு இது சமம் என்று நான் சொல்லவில்லை. முன்பு இருந்ததை விட ஆயிரம் மடங்கு மேல். நீங்கள் வாங்கும் வேனிலும் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், சீட்டின் எண்ணிக்கை புத்தகத்தில் இருப்பதோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

எட்டு மாத ஓட்டத்தைச் சொல்கிறேன். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் முறையில் வேனுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் கிடைத்த நாட்களிலிருந்து நான் எரிபொருள் கணக்கு எழுதுகிறேன், அந்தப் பழக்கம் விடவில்லை. டாங்கை நிரப்பி, மறுபடி நிரப்பும்வரை எண்ணினால், டிக்கோயா, நோர்வூட், ஹட்டன் ஓட்டத்தில் லீற்றருக்கு 9 கிலோமீற்றர். கொழும்புக்குப் போய் வந்தால் 11-ஐ ஒட்டி. டீசல் வண்டியை ஓட்டிப் பழகியவருக்கு இது குறைவாகத் தெரியும். எனக்கும் முதல் மாதம் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் பழைய வேனுக்கு வருடத்தில் இரண்டு தடவை கராஜில் கொட்டிய பணத்தை அதே கொப்பியில் பார்த்தேன். மனம் ஆறிவிட்டது.

ஏறுமுகத்தில் இது பொறுமை கேட்கும் வண்டி. டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஒவ்வொரு ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் வலுவில் பத்தில் ஒரு பங்கு அளவு குறையும், காற்று மெலிவதால். ஏழு பேரோடு ரொசல்லை ஏற்றத்தில் இரண்டாம் கியர்தான், எஞ்சின் சத்தமாகப் பாடிக்கொண்டே ஏறும். அது உங்கள் காலுக்கு அடியிலேயே இருப்பதால் சத்தமும் வெப்பமும் உள்ளே வரும். சூட்டு முள் மட்டும் அசையாது. வட்டவளையில் பழைய வேன் நின்ற அதே வளைவை இதுவரை எட்டுத் தடவை தாண்டிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கண் தானாக முள்ளுக்குப் போகிறது, அது நடுவுக்குக் கீழேயே நிற்கிறது. அண்ணா வாங்கிய வாரமே ரேடியேட்டரைக் கழுவி, புது மூடி போட்டு, கூலன்ட் ஊற்றிவிட்டார். பீலித் தண்ணீர் இனி கைகழுவ மட்டும்.

இறக்கத்தில் மெனுவல் கியரின் அருமை தெரியும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மாமா சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் எந்த வண்டியின் பிரேக்கும் சூடேறிக் கைவிடும். பிரேக் எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டொட் 4 என்ற வகை எண்ணெய் புதிதாக 230 பாகை வரை கொதிக்காது, ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 155-க்கு இறங்கிவிடும். வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற வட்டவளை வழியாக ஓடுகிறவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். 2025 மே மாதம் கொத்மலை கரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போன பிறகு, எங்கள் ஆசிரியர் அறையில் இரண்டு பேர் தங்கள் வண்டியின் பிரேக் எண்ணெயைக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். ஒருவருடையது கறுப்பாக இருந்ததாம்.

குளிர் ஊரில் ஏசி எதற்கு என்று அம்மா கேட்டார். குளிர்விக்க இல்லை, கண்ணாடிக்கு. ஏழு பேர் மூச்சும் மழைக்குச் சாத்திய ஜன்னலும் சேர்ந்தால் முன் கண்ணாடி வெள்ளையாகிவிடும். ஏசியைப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெளியும். ஏசி வேலை செய்யாத வேனை மலைக்கு வாங்காதீர்கள். ஏற்றத்தில் மட்டும் நான் நிறுத்திவிடுவேன், அந்த வலு எஞ்சினுக்கு வேண்டும்.

அத்தைக்குப் படி உயரம். அதற்காக நடுக்கதவு ஓரத்தில் ஒரு கைபிடியும், கீழே மடிக்கும் படி ஒன்றும் பூட்டினோம். இப்போது இடது கையால் பிடியைப் பற்றி, நல்ல காலை முதலில் வைத்து, ஒரு மூச்சு நின்று, மற்றக் காலைத் தூக்குகிறார். யாரும் பிடிக்கத் தேவையில்லை. தள்ளுகதவு என்பதால் ஹட்டன் பஸ் நிலையப் பக்கத்து நெருக்கடியிலும் அவரை அவசரமில்லாமல் இறக்க முடிகிறது.

உதிரிச் சாமான்களுக்குக் கஷ்டமில்லை. ஹட்டனில் இல்லாததை கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிச் சாமான் கடைகளில் சொல்லிவிட்டால் பஸ்ஸில் மறுநாள் வந்துவிடும். எட்டு மாதத்தில் நான் மாற்றியது எண்ணெய், பில்டர், பிளக், வைப்பர், முன் பிரேக் பேட், இரண்டு டயர். புகைப் பரிசோதனை முதல் தடவையே சரி.

யாருக்கு இது வேண்டாம்? அடிக்கடி கொழும்பு, யாழ்ப்பாணம் என்று நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு வேண்டாம். பக்கக் காற்றில் உயரமான உடம்பு ஆடும், ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் பின் சீட்டில் இருப்பவர்களுக்கு முதுகு வலிக்கும். வாடகைக்கு ஓட்ட நினைப்பவர்கள் கேடீஎச் எடுங்கள். மலையில் ஒரு குடும்பம், ஒடுக்கமான பாதை, வீட்டில் வயதானவர்கள் என்றால் 402-ஐ மெனுவல் கியரில், புத்தகம் சுத்தமாக, சீட்டை மறுபடி அடிக்க ஒரு தொகை ஒதுக்கி வைத்து வாங்குங்கள்.

இந்த மாதக் கடைசி சனிக்கிழமை பிரேக் எண்ணெய் மாற்ற அண்ணா நேரம் தந்திருக்கிறார். போகும்போது பின்கதவு ரப்பரையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இந்த மழைக்குக் கடைசி சீட்டின் வலது மூலையில் சொட்டுச் சொட்டாக ஈரம் இறங்குகிறது, சின்னவன் உட்காரும் இடம்.